கடிகாரக்காரர் கையில் கல்

மார்ச் 3

அண்ணாவுக்கு,

இத்துடன் ஒரு படம் வருகிறது. இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டியிருக்கிறேன். போன தடவை மாதிரி இதன் மேல் டீ டம்ளரை வைக்காதே.

படத்தில் இருப்பது எங்கள் மில் கேட். எதிரில் காகிதக் கடைக்கு மேலே ஒரு காலி அறை இருக்கிறது. அதன் ஜன்னலில் கேமராப் பெட்டியை வைத்து எடுத்தேன். பின்னால் இருந்த ஸ்டோர் ரூமையே இருட்டறையாக்கிக்கொண்டேன். கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். ஒரு ஆளால் முடிகிற காரியம் இல்லை. கடிகாரக்காரர் வந்து உதவினார்.

பார்த்ததும் நீ கேட்கப்போவது தெரியும். ஆட்கள் எங்கே என்பாய். நான் மூடியைத் திறந்தபோது கேட்டுக்கு முன்னால் முந்நூறு பேராவது இருந்தார்கள். அன்று மேகமூட்டம். மூடியை வெகுநேரம் திறந்தே வைக்க வேண்டியிருந்தது; ஒருவர் நிதானமாகக் கொட்டாவி விட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததற்கு யோசிக்கிற நேரம். அதற்குள் யார் அசைந்தாலும் தட்டில் புகையாகத்தான் விழுவார்கள். கோபத்தில் இருப்பவர்கள் அசையாமல் நிற்பதில்லை. ஆகவே விழுந்திருப்பவை கேட்டும், அதில் போட்ட சங்கிலியும், பூட்டும், சுவரில் சாய்ந்து தூங்கிய காவல்காரரும், ஒரு வண்டிக் குதிரையும்தான். குதிரைக்குத் தலை இல்லை. ஆட்டிக்கொண்டே இருந்தது.

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. வேலை நேரத்தில் கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டாதீர்கள். போன மாதம் பஞ்சுக் கிடங்கில் தீப்பிடித்தபோது சாவி மேனேஜரின் பையில் இருந்தது. மேனேஜர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களுக்குக் கை வெந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் நின்றார்கள். கத்தினார்கள், கலைந்தார்கள். யாரும் யாரையும் தொடவில்லை.

உங்கள் பத்திரிகை இதைப் போட்டால், அச்சுக்கான மரக்கட்டையில் உள்ளபடியே செதுக்கு. கேட்டுக்கு முன்னால் இருக்கும் மங்கலைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிடாதே. அவர்கள் ஆட்கள்.

கடிகாரக்காரரின் படம் ஒன்றைப் போன வருடம் உனக்கு அனுப்பியிருந்தேன். கிடைத்தது என்றுகூட நீ எழுதவில்லை.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

தங்கை


மார்ச் 11

என் அருமைத் தங்கச்சிக்கு,

டீ டம்ளரை வைக்கவில்லை. சூப் கிண்ணத்தை வைத்தேன், ஆனால் ஓரத்தில்தான்.

உன் படத்தை ஆசிரியர் மேஜையில் போட்டேன். மனிதர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், படத்தைத் திருப்பி முதுகையும் பார்த்தார். "என்னய்யா இது? கொந்தளிக்கும் மில்னு தலைப்புப் போட்டுட்டு, கீழ தூங்குற ஆளையும் தலையில்லாத குதிரையையும் போட்டா, வாசகன் கல்லெடுத்துட்டு இங்கதான் வருவான். ஆளுங்களப் போடு. கொஞ்சம் சூடாவே போடு."

சூடு என்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது என்னைத்தான். நீ எடுக்கிற படத்தை அப்படியே அச்சில் ஏற்ற இன்னும் எந்தப் புண்ணியவானும் வழி கண்டுபிடிக்கவில்லை. அதனால்தான் உன் அண்ணன் வீட்டில் அடுப்பு எரிகிறது. கண்டுபிடிப்பவன் நூறாண்டு வாழட்டும். ஆனால் கொஞ்சம் மெதுவாகக் கண்டுபிடிக்கட்டும்.

பெரிய படம் என்பதால் துண்டுக் கட்டைகளைப் பின்பக்கம் ஸ்க்ரூ போட்டு ஒன்றாக இணைத்து, மேலே வரைந்து, மறுபடி கழற்றி ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். புதிதாக வந்தவனுக்கு வானம். காது கேட்காதவருக்குச் சுவர். கூட்டம் எப்போதும் என் தலையில். நீ மங்கலைத் துடைக்காதே என்று எழுதியிருந்தாய். சத்தியமாகத் துடைக்கவில்லை. அதன் மேல் ஆட்களை நிற்க வைத்தேன்.

கூட்டம் என்றால் முகம் வேண்டுமே, முகத்துக்கு எங்கே போவேன்? இருக்கவே இருக்கிறார் எங்கள் வீட்டுக்காரர். தொப்பியோடு ஒரு வீட்டுக்காரர், வழுக்கையோடு ஒரு வீட்டுக்காரர், தாடி ஒட்டிய வீட்டுக்காரர், முக்காடு போட்டு அழுகிற வீட்டுக்காரர். அவர் வாடகை கேட்டு மாடிப்படி ஏறி வரும்போது முகத்தில் ஒரு ஆவேசம் இருக்கும், அதற்கு ஈடு கிடையாது. கீழ் வீட்டுத் தையல்காரர் ஆறு இடத்தில் நிற்கிறார். மயங்கி விழுகிற பெண் உன் அண்ணி. அதைக் காட்டினேன். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு மேஜையில் ஆறிக் கிடக்கிறது. அவள் நிஜமாகவே எங்கோ மயங்கிக் கிடக்கிறாள்.

நடுவில் கல்லை ஓங்கிக்கொண்டு நிற்கிற ஆளுக்கு மட்டும் ஒரு முகம் தேவைப்பட்டது. வீட்டுக்காரரை வைத்தால் கல்லுக்கு மரியாதை இல்லை. மேஜை டிராயரைக் குடைந்தேன். கிடைத்தது பார் ஒரு மூக்கு! மரத்துக்கென்றே படைத்த மூக்கு. உளியை வைத்தால் தானாகவே ஓடுகிறது. யார் என்று நீயே கண்டுபிடி.

இதழ் ஒன்று இத்துடன். கீழே வழக்கம்போல ‘புகைப்படத்தில் கண்டபடியே’ என்று போட்டிருக்கிறார்கள். ஊரெல்லாம் அதே பேச்சு. உன் அண்ணன் இப்போது தரையில் நடப்பதில்லை.

அண்ணன்


மார்ச் 19

அண்ணாவுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். எனக்கு முன்னால் போலீஸ் கண்டுபிடித்தது.

மேனேஜர் அறையில் ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்தது. எப்போது உடைந்தது என்று யாருக்கும் தெரியாது. யாரும் கவலைப்பட்டதும் இல்லை. உன் இதழ் வந்ததிலிருந்து அது கல்லால் உடைந்த கண்ணாடி ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் இதழைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் வந்தார். ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடிகாரக்காரர் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார், நிமிர்ந்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

தட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "என்னம்மா இது, ஒருத்தரும் விழலையே? பத்திரிகைக்காரங்க எடுத்தது நல்லாத் தெளிவா இருக்கு பாருங்க. உங்க பெட்டிதான் பழசு போல."

ஏப்ரல் 14 விசாரணை. நிரூபணமானால் இரண்டு வருடம் என்கிறார் வக்கீல்.

நீ வந்து, முகத்தை எங்கிருந்து எடுத்தாய் என்று சொல்ல வேண்டும்.

தங்கை


மார்ச் 25

தங்கச்சி,

இன்ஸ்பெக்டர்களும் கலை ரசிகர்களாக இருப்பார்கள் என்று யார் கண்டது?

நான் சும்மா இருக்கவில்லை. உன் கடிதம் கிடைத்த அன்றே அந்த இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன், "செதுக்குபவர் சற்றே கற்பனையைக் கலந்திருக்கக்கூடும்" என்று, மிக நாசூக்காக. மரியாதைக்கு ஆசிரியரிடம் காட்டினேன். அவர் அதை நான்காகக் கிழித்துத் தன் டீயைத் துடைத்தார்.

"கீழ என்னய்யா போட்டிருக்கு? கண்டபடியேன்னு. அந்த ஒரு வார்த்தையை எடுத்துட்டா நாம விக்கிறது வெறும் காகிதம். நீ கோர்ட்டுல போய் நான் கதை விட்டேன்னு சொன்னா, போன வருஷத்து நிலநடுக்கமும் அதுக்கு முந்தின கப்பலும் கூடவே எந்திரிச்சு வரும். அப்புறம் உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல."

கப்பலை மூழ்கடித்ததும் நான்தான். கடலை நான் கண்ணால் பார்த்ததில்லை.

அதனால் கொஞ்சம் நிதானமாக யோசிப்போம். முதலாவது, அது அவர்தான் என்று யார் சொன்னது? மூக்கு ஊரில் எத்தனையோ. இரண்டாவது, நான் வந்து சொன்னால் மட்டும் நம்பிவிடுவார்களா? என் முகத்தைப் பார்த்தால் வீட்டுக்காரரே நம்புவதில்லை. மூன்றாவது, எனக்குப் பிரயாணம் ஒத்துக்கொள்ளாது, ரயிலில் தலை சுற்றும். நான்காவதாக ஒன்று வைத்திருந்தேன். உன் அண்ணி எட்டிப் பார்த்துச் சிரித்ததில் மறந்துவிட்டது.

நல்ல வக்கீலாக வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பத்திரிகை பழசாகிவிடும், பொட்டலம் மடிக்கப் போய்விடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஒரு கடிகாரக்காரருக்காக நீ ஏன் இப்படித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாய்? ஊரில் வேறு கடிகாரக்காரரே கிடையாதா?

அண்ணன்


மார்ச் 30

அண்ணாவுக்கு,

ஊரில் வேறு கடிகாரக்காரர் இல்லை. இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

டிராயரில் உனக்குக் கிடைத்த அந்தப் படத்தை எடுக்க ஒரு காலைப் பொழுது முழுவதும் ஆயிற்று. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். தட்டுக்கு மேல் தட்டாக வாய் இருக்க வேண்டிய இடத்தில் புகை. கடைசியில் தலை ஆடாமல் இருக்க ஸ்டூடியோவில் வைத்திருக்கும் இரும்புத் தாங்கியைப் பின்னங்கழுத்தில் கொடுத்து நிறுத்தினேன். ஒரே ஒரு தட்டில் அசையாமல் இருந்தார். அதை உனக்கு அனுப்பினேன். "இவர்தான் கடிகாரக்காரர்" என்று மட்டும் எழுதினேன். புருஷனை இழந்து ஆறு வருடமான தங்கை அண்ணனுக்கு அதற்கு மேல் எப்படி எழுதுவாள்? நீ கேட்பாய் என்று இருந்தேன். யார் இவர், எதற்கு அனுப்பினாய், என்ன விஷயம். இதில் எதைக் கேட்டிருந்தாலும் மிச்சத்தை நான் சொல்லியிருப்பேன். தெருவில் யார் வீட்டில் யார் தும்மினார்கள் என்று விசாரிக்கிற நீ, என்னிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டாய்.

மூக்கு ஊரில் எத்தனையோ என்று எழுதியிருக்கிறாய். உன் இதழை எடுத்து அவர் வலது காதுக்குப் பின்னால் பார். ஒரு சின்னக் கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அது என் தாங்கியின் நுனி. பார்த்ததை அப்படியே செதுக்கு என்று உன்னிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன்? ஒரே ஒரு தடவை செய்திருக்கிறாய், அதுவும் இங்கே. இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன். "சட்டைக் காலரா இருக்கும்மா" என்றார். செதுக்கியவன் வாயால் சொன்னால்தான் அது தாங்கி.

இன்னொன்றும் தெரிந்துகொள். கூட்டம் நின்ற நேரம் முழுவதும் அவர் என்னோடு அந்த மாடியில்தான் இருந்தார், பாதி நேரம் இருட்டறையில், கதவைச் சாத்திக்கொண்டு. வெளிச்சம் புகுந்தால் தட்டு கெட்டுவிடும் என்பது உனக்குத் தெரியும். ஊருக்கு அந்த விவரமெல்லாம் தேவைப்படாது. அவர் அதைச் சொல்லமாட்டேன் என்கிறார். கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னிடமே சொல்கிறார்: "கல்லெறிஞ்சவன்னு பேர் வாங்கிட்டுப் போறேன். உங்க பேரு நாலு பேர் வாயில விழ வேணாம்."

நீ வராவிட்டால் 14ஆம் தேதி நான் கூண்டில் ஏறி அதைச் சொல்வேன். அதற்குப் பிறகு எந்த வீட்டுப் பெண்ணும் என் ஸ்டூடியோ படி ஏறமாட்டாள். பரவாயில்லை. உனக்குத் தலை சுற்றும் என்றால் வர வேண்டாம்.

தங்கை


ஏப்ரல் 4

தங்கச்சி,

உன் கடிதத்தை நான் படிப்பதற்கு முன்னால் உன் அண்ணி படித்துவிட்டாள். படித்துவிட்டு என் முன்னால் வைத்துச் சொன்னாள்: "அந்தப் படம் வந்த அன்னிக்கே நான் சொன்னேன், என்ன ஏதுன்னு கேளுங்கன்னு. நீங்க மூக்கு நல்லாருக்குன்னீங்க."

சொல்லியிருக்கிறாள். இப்போது ஞாபகம் வருகிறது.

காதுக்குப் பின்னால் பார்த்தேன்.

12ஆம் தேதி ரயிலில் வருகிறேன். என் துண்டுக் கட்டையை ஸ்டோரிலிருந்து எடுத்தாகிவிட்டது. ஸ்க்ரூ போட்டதைக் கழற்றவும் எனக்குத் தெரியும். டிராயரில் கிடந்த கடிகாரக்காரர் படமும் என்னிடம்தான் இருக்கிறது, ஓரத்தில் டீக் கறையோடு. வீட்டுக்காரரையும் அழைத்து வருகிறேன். அவர் இல்லாமல் முடியாது; அவர்தான் கூட்டம். பேப்பரில் அவர் முகம் வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "எத்தனை இடத்துல?" என்று கேட்டார். மூன்று என்றேன். முக்காட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

ஆசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை. போகிற அன்று காலையில் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். எனக்குத் தலை சுற்றவில்லை, வீட்டுக்காரருக்குத்தான் சுற்றிற்று. அது ரயிலால் அல்ல.

சாட்சி என்பதால் உன்னை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டார்கள். கடைசியில் உன்னைக் கூப்பிடவே தேவை இல்லாமல் போயிற்று; ஆனால் உள்ளே நடந்த கூத்து உனக்குத் தெரியாது. மாப்பிள்ளை சொல்லியிருப்பார், அவர் சுருக்கமாகப் பேசுகிற ஆள். நான் முழுசாகச் சொல்கிறேன்.

மாஜிஸ்திரேட் கட்டையைக் கையில் வாங்கினார். "சம்பவத்தன்னிக்கு நீங்க அந்த இடத்துல இருந்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப இந்தக் கூட்டத்த எப்படிப் பார்த்தீங்க?"

"பார்க்கலீங்க. செதுக்கிட்டேன். பழக்கதோஷம்."

இதழை நீட்டினார். "இந்தத் தொப்பிக்காரர் யாரு?"

"எங்க வீட்டுக்காரருங்க. அதோ ரெண்டாவது பெஞ்சு."

"இந்தத் தாடிக்காரர்?"

"அவரேதான். தாடி மட்டும் என்னோடது."

வீட்டுக்காரரை எழுந்து நிற்கச் சொன்னார்கள். குமாஸ்தாவின் தொப்பியை வாங்கித் தலையில் வைத்தார்கள், எடுத்தார்கள். மனிதர் நாடகக் கொட்டகைக்கு வந்த மாதிரி இடமும் வலமும் திரும்பிக் காட்டினார். அப்போது மாஜிஸ்திரேட், "இந்த முக்காடு போட்ட அம்மா முகமும் அதே ஜாடையா இருக்கே?" என்றார். வீட்டுக்காரர் பத்திரிகையை எட்டிப் பார்த்தார். "ஐயா, இது எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றார். பிறகு ஊர் வந்து சேரும் வரை என்னோடு பேசவில்லை. இப்போது வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்.

அதற்குப் பிறகு படத்தையும் கட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கட்டையில் எல்லாம் இடவலம் மாறியிருக்கும் என்பதை விளக்கினேன். மூக்குக்கு மூக்கு, மீசைக்கு மீசை. காதுக்குப் பின்னால் கொக்கியைக் காட்டினேன். அது என்ன என்று கேட்டார். "போட்டோ எடுக்கிறப்ப தலை ஆடாம இருக்க வைக்கிற இரும்புங்க. என் தங்கச்சி ஸ்டூடியோவுல இருக்கு. நான் பார்த்ததையெல்லாம் செதுக்குறவன் இல்ல. இது கை தவறிச் செதுக்கிட்டேன்."

மாஜிஸ்திரேட் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "கல்லெறியப் போறவன் கழுத்துல தாங்கியோடயா போவான்?"

இன்ஸ்பெக்டர் தன் நோட்டை மூடினார். மாப்பிள்ளை கூண்டிலிருந்து இறங்கினார்.

நான் எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்காரப் போகும்போதுதான் மில் வக்கீல் எழுந்தார். "இந்தச் சாட்சி சொன்னதை நாங்களும் முழுமனசா ஏத்துக்கறோம். படத்துல இருக்கிற கூட்டமே கற்பனை. அம்மா எடுத்த தட்டுலயும் தெரு காலி. ஆக, அன்னிக்கு கேட்டுக்கு முன்னால யாரும் வரல, யாரும் எதையும் கேட்கல. இதையும் பதிவு செய்யணும்." மாஜிஸ்திரேட் தட்டை ரொம்ப நேரம் பார்த்தார். புகை இருக்கிறது என்றும், புகையைச் சாட்சியாக எழுத முடியாது என்றும் சொன்னார். கையில் கட்டுப் போட்ட அந்த இரண்டு பெண்களும் என் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். நான் திரும்பவில்லை.

அன்று சாயங்காலம் அவர்கள் உன்னிடம் வந்து என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் மதியம் என்னையும் வீட்டுக்காரரையும் கேட்டுக்கு முன்னால் நின்ற கூட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினாய். அசையாதே என்று ஜன்னலிலிருந்து கத்தினாய். அசையவில்லை என்றுதான் நினைக்கிறேன். முடிந்ததும் ரயிலுக்கு ஓடினோம். உன்னோடு தனியாக ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில், ஆபீசில், தெருவில் எல்லோரும் என் வாயை மூடச் சொல்லி அலுத்தவர்கள். உன் முன்னால் அது தானாகவே மூடிக்கொண்டது.

இங்கே ஆசிரியர் என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை. இனி எனக்கு மனித முகமே கிடையாது என்று உத்தரவு. விளம்பரங்கள் மட்டும்தான்: தலைமுடித் தைல பாட்டில், குடல் இறக்கப் பட்டை, இரும்பு அடுப்பு. நேற்று ஒரு பாட்டிலைச் செதுக்கினேன், பாட்டிலில் இருக்கிறபடியே.

போன வருடம் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். யார் இவர்? எதற்கு அனுப்பினாய்? என்ன விஷயம்?

அண்ணன்


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

கேள்விகள் கிடைத்தன. யார் என்பதற்குப் பதில், நீ எழுதிய கடிதத்திலேயே அவரை மாப்பிள்ளை என்று இரண்டு தடவை எழுதிவிட்டாய். மற்ற இரண்டுக்கும் பதில் ஜூன் முதல் வாரத்தில், பதிவு அலுவலகத்தில். அண்ணியோடு வா. வீட்டுக்காரர் மனது மாறினால் அவரையும் அழைத்து வா.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். பாட்டில் வந்த இடத்தில் சிரித்துவிட்டு, "மச்சான் கிட்ட சொல்லுங்க, அந்த மூக்க அவரே வச்சுக்கட்டும்னு" என்றார். கைதான பிறகு அவர் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் அவர்கள் வந்து கேட்டது இதுதான். கையில் கட்டுப் போட்டவர்களில் மூத்த பெண் கேட்டாள்: "அக்கா, உங்க பெட்டிக்கு நாங்க தெரியணும்னா எவ்வளவு நேரம் நிக்கணும்?" கொட்டாவிக் கணக்கைச் சொன்னேன். வெளியே போய்த் தங்களுக்குள் பேசினார்கள். திரும்பி வந்து, "நாளைக்கு மதியம் நிக்கிறோம்" என்றாள்.

நின்றதை நீ பார்த்தாய். நீ கூட்டத்துக்கு உள்ளே இருந்து பார்த்தாய், நான் மேலிருந்து பார்த்தேன். மூடியைக் கழற்றியதும் தெருவே நின்றுவிட்டது. முந்நூறு பேர், ஒரு இருமல்கூட இல்லை. மேனேஜர் ஜன்னலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதனால் அவர் விழவில்லை. இது ஏற்பாடு செய்த படம், உண்மை இல்லை என்று அவர் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நிற்கச் சொன்னது நான் இல்லை. எவ்வளவு நேரம் என்று மட்டும்தான் சொன்னேன்.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார். எல்லோரும் இருக்கிறார்கள். முன் வரிசையில் கட்டுப் போட்ட கைகள்; துணியின் முடிச்சுகூடத் தெரிகிறது. அவர்களுக்குப் பின்னால் கேட், சங்கிலி, பூட்டு. காவல்காரர் இந்தத் தடவை விழித்திருக்கிறார். குதிரைக்குத் தலை வந்துவிட்டது. அதற்குக்கூடப் புரிந்ததோ என்னவோ. இடது பக்கம் கடிகாரக்காரர், இரண்டு வெறுங்கையையும் விரித்துத் தொங்கவிட்டுக்கொண்டு. அப்படி நிற்க வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். வீட்டுக்காரர் சட்டைப் பொத்தான் வரை துல்லியமாக விழுந்திருக்கிறார்.

வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் ஒரு புகை இருக்கிறது பார். தோள் வரைக்கும் மனிதன், மேலே புகை. அது நீ. என்ன பேசிக்கொண்டிருந்தாய் அப்போது?

இதை உங்கள் பத்திரிகை போடுமா என்று தெரியாது. கேட்டுப் பார். போட்டால் உள்ளபடி.

தங்கை


மே 9

அன்புள்ள தங்கச்சிக்கு, மாப்பிள்ளைக்கு,

என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்றா கேட்கிறாய்? "அசையாதீங்க, அசைஞ்சா புகையாப் போயிடுவீங்க" என்று வீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

படத்தைப் பயந்து பயந்து ஆசிரியர் மேஜையில் வைத்தேன். முகமே செதுக்கக்கூடாது என்று தள்ளி வைத்த ஆள், முந்நூறு முகத்தோடு வந்து நின்றால் எப்படி இருக்கும்? மனிதர் பூதக்கண்ணாடியை எடுத்து முகம் முகமாகப் பார்த்தார். கோர்ட்டு விவகாரம் வெளியே தெரிந்ததிலிருந்து வாசகர்கள் எழுதித் தள்ளுகிறார்கள். கப்பலைக்கூட ஒருவர் கேட்டுவிட்டார். கடைசியில் சொன்னார்: "போடலாம். ஆனா ஒரு மூக்கு கூடக்கூடாது, ஒரு மூக்கு குறையக்கூடாது. நீயே நடுக்கட்டைய எடுத்துக்கோ. பக்கத்துல உட்கார்ந்து நான் பார்ப்பேன்."

பார்த்தார். ஒவ்வொரு முகத்தையும் படத்தில் தேடிக் கட்டையில் தேடித்தான் அடுத்ததற்கு விட்டார். கற்பனையில் கூட்டம் செதுக்குவது ஒரு சாயங்கால வேலை, தங்கச்சி. உள்ள கூட்டத்தைச் செதுக்குவதில் முதுகு ஒடிகிறது. அந்த மூத்த பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். அதற்கே அரை நாள். சங்கிலியை இன்னொருவருக்குக் கொடுப்பதாக இருந்தார்கள், நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு வளையம் விடாமல் செய்திருக்கிறேன். பூட்டின் சாவித் துவாரம்கூட இருக்கிறது.

நேற்று வீட்டுக்காரரை முடித்தேன். ஒரே ஒரு வீட்டுக்காரர். காட்டினேன். பொத்தானை எண்ணிப் பார்த்துவிட்டு, ஜூன் வரைக்கும் இருந்துகொள்ளச் சொன்னார்.

மிச்சம் இருந்தது அவருக்குப் பக்கத்து இடம். ஆசிரியர் குனிந்து பார்த்தார். "இது என்ன, தட்டுல கறையா? எடுத்துடு."

"கறை இல்லீங்க. ஒரு ஆளு."

"ஆளுன்னா முகத்தப் போடு. உனக்குத் தெரியாத முகமா?"

"தெரியும்ங்க. ஆனா அவரு அசைஞ்சுட்டாரு."

ஆசிரியர் எழுந்து போனார். நான் மெல்லிய உளியை எடுத்து அந்தப் புகையைச் செதுக்க உட்கார்ந்தேன். இன்னும் முடியவில்லை. முகம் செதுக்குவதைவிட இது கஷ்டமாக இருக்கிறது.

அண்ணன்